ரிவேர்ஸ் தெரியாத பந்தயக்காரர்

எதிரே ஒரு வாகனம் வரக்கூடும் என்ற உண்மையை, ஒரு ஆயுள் முழுக்கக் கார் ஓட்டிய பிறகு கண்டுபிடித்த ஒரே சாரதி, நான் அறிந்தவரை, எங்கள் 'இருபத்திநாலு'தான். கண்டுபிடித்த இடம், இத்தாலியின் பலெர்மோ நகரில் சீசா என்ற பகுதி. கண்டுபிடித்தபோது பக்கத்து இருக்கையில் இருந்தவன் நான். அன்று வியர்க்கத் தொடங்கிய உள்ளங்கை, இதை எழுதும்போதும் வியர்க்கிறது.

இருபத்திநாலு ஒரு ஜப்பானியர். அங்கே குடியேறிய எங்கள் யாழ்ப்பாணச் சனத்தின் வாயில் யப்பான்காரர். எங்கள் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் மனைவியோடு குடியிருந்தார். ஒரு காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் ஓடியவர். அதிலும் அவர் ஓடியது இருபத்திநாலு மணித்தியாலப் பந்தயம். ஒரே கார், மூன்று சாரதிகள், மாறி மாறி இரவு பகலாக ஓட்டவேண்டும். இதை அவர் ஒருநாள் தெரியாத்தனமாக எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்திவிட்டார். அன்றோடு சொந்தப் பெயர் போய்விட்டது.

கார் சம்பந்தப்பட்ட யப்பான்காரர் என்றால் அவர் மெக்கானிக்காகத்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் அசைக்கமுடியாத நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய வாசலில் ஸ்கூட்டர்கள் வரிசையில் நிற்கும்.

"ஐயா, ஒருக்கா இதைப் பாருங்கோ. ஸ்டார்ட் வருகுதில்லை."

அவர் இடுப்புவரை குனிந்து வணங்குவார். "எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். மூடியைத் திறக்கத் தெரியாது."

"பெரிய ஆக்கள் இப்பிடித்தான் அடக்கமாக் கதைப்பினம்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

நான் சாரதிப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பயிற்றுநர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான்தான். படித்த பிள்ளை கந்தோரில் மேசைக்கு முன்னால் இருப்பான் என்று அப்பா எதிர்பார்த்தார். நான் போய் இருந்ததோ இரண்டாவது பிரேக் பூட்டிய காரில். மாணவன் தவறினால் நான் மிதிக்கவேண்டும். இயல்பிலேயே பயந்தவன் என்பதால் மாணவன் தவறாவிட்டாலும் மிதிப்பேன்.

அந்தப் பள்ளிக்கு ஒருநாள் இருபத்திநாலு வந்தார். நான் ஏதோ விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"நான் கார் பழகவேணும்" என்றார்.

நாங்கள் கதைத்தது இத்தாலிய மொழியில்தான். ஆனால் நினைக்கும்போது என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

பதினெட்டு வயதில் ஜப்பானில், பயிற்சித் திடலுக்குள்ளேயே ஓட்டிக் காட்டி எடுத்த லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டதாம். அதை அவர் கவனிக்கவே இல்லை. ஏனென்றால் தெருவில் அவர் ஓட்டியதே இல்லை. பந்தயத் திடலுக்குள் முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவார். திடலுக்கு வெளியே மனைவி ஓட்டுவார். பந்தயத்துக்குப் பந்தயம், நாட்டுக்கு நாடு, ஒரு பழைய வான் வண்டியில் அவரைப் பின்னால் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு திரிந்தவர் அந்த மனைவி, பலெர்மோக்காரியான சின்யோரா, அதாவது திருமதி, நீனாதான்.

"இப்ப அவ ஓட்டேலாது" என்றார் இருபத்திநாலு.

சின்யோராவின் கண்கள் பழுதாகிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை தோறும் நகரத்துக்கு வெளியே, பஸ் போகாத ஓர் ஆஸ்பத்திரியில் காட்டி ஊசி போடவேண்டும். ஊசி தவறினால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கூட்டிக்கொண்டு போய்வந்த மருமகன் வேலை கிடைத்து வடக்கே போகப் போகிறான். அதற்குள் இவர் லைசென்ஸ் எடுக்கவேண்டும். எழுத்துப் பரீட்சையை எப்படியோ மனப்பாடம் செய்து கடந்துவிட்டார். ஓட்டப் பரீட்சைக்கு மூன்று தரம்தான் போகலாம். மூன்றும் தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். சின்யோராவின் கண்கள் அவ்வளவு காலம் காத்திருக்கப் போவதில்லை.

பந்தயக்காரருக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா என்று நினைத்தேன். முதல் நாள், முதல் வளைவு. அழகாகத் திருப்பினார். அவ்வளவு மிருதுவாக ஒரு கார் திரும்பியதை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து பெருமைப்பட்டேன். அப்போது எதிரே ஒரு பஸ் வந்தது.

"அது ஏன் இஞ்சாலை வருது?" என்று கத்தினார்.

"அது அதின்ரை பாதையிலை வருது."

"முன்னுக்கிருந்து வருது!"

"ஓம், முன்னுக்கிருந்துதான் வரும்!"

காரை ஓரம் கட்டினார். பந்தயத் திடலில் எல்லாரும் ஒரே திசையில் போவார்கள். அவருடைய வாழ்நாளில் ஒருவரும் அவருக்கு எதிரே வந்ததில்லை. "இவ்வளவு காலமும் நீனா இதுக்குள்ளாலையோ ஓடினவ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்த பஸ் மறையும்வரை கண்ணாடியில் பார்த்தார்.

பயந்த மனிதர் என்றால் அவர்தான். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் வாந்தி எடுப்பாராம். அவருக்கென்றே மெக்கானிக்குகள் ஒரு நீல வாளி வைத்திருந்தார்களாம். இப்படிப்பட்டவரை எப்படி அணியில் வைத்திருந்தார்கள் என்று நான் வாய்விட்டே கேட்டேன்.

"பயப்படாத ஆக்கள் காரை உடைச்சுப் போடுவினம். நான் ஒருநாளும் உடைக்கேல்லை. மழை, முன்னுக்குக் கண் தெரியாத புகார், ஆருமே ஏற விரும்பாத நேரம் எல்லாம் என்னைத்தான் ஏத்துவினம். நான் காரை அப்படியே கொண்டுவந்து அடுத்த ஆளிட்டைக் குடுப்பன்."

தொடக்கக் கொடி அசைந்தபோது அவர் காரில் இருந்ததில்லை. முடிவுக் கொடி அசைந்தபோதும் இருந்ததில்லை. அவருடைய தொழில் முழுக்க இரண்டுக்கும் நடுவில். வெற்றி மேடையில் எடுத்த படம் ஒன்று வீட்டில் தொங்கியது. அதில் அவருடைய தோளின் கால்வாசி தெரியும். "இது நான்" என்று அந்தத் தோளைத் தொட்டுக் காட்டுவார்.

முதல் பரீட்சை வந்தது. பரீட்சகர் ஒரு பெண். கறுப்புக் கண்ணாடி, சூயிங்கம், பின்னிருக்கை. இரண்டு கார்களுக்கு நடுவில் பின்னோக்கி விட்டு நிறுத்தச் சொன்னார். இருபத்திநாலு காரைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். கியரை நியூட்ரலில் போட்டார். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே உயர்த்தினார். அப்படியே இருந்தார்.

நான் காத்திருந்தேன். பரீட்சகரும் காத்திருந்தார்.

"என்ன நடக்குது?" என்று கேட்டார் பரீட்சகர்.

"தள்ள வருவினம்" என்றார் இருபத்திநாலு பணிவாக.

பந்தயக் கார்களை மெக்கானிக்குகள்தான் கையால் பின்னுக்குத் தள்ளிக் கொட்டகைக்குள் விடுவார்களாம். பயிற்சியில் தட்டுத்தடுமாறியாவது செய்த மனிதர், பதற்றத்தில் பழைய வாழ்க்கைக்குள் போய்விட்டார். முதல் பரீட்சை போயிற்று.

இரண்டாவது இன்னும் மோசம். ஒடுங்கிய தெருவில் எதிரே ஒரு கார் மூக்கோடு மூக்காக வந்து நின்றது. பின்னுக்கு எடுக்கவேண்டும். இருபத்திநாலு என்ஜினை நிறுத்தினார், பெல்ட்டைக் கழற்றினார், இறங்கினார், தெருவோரக் கபேயின் கதிரைகளைத் தாண்டிக் குதித்து அவற்றுக்குப் பின்னால் போய்ப் பத்திரமாக நின்றுகொண்டார். கபேயில் இருந்த ஒருவர் அவருக்குக் கோப்பி சொல்லிவிட்டார்.

"திடலிலை கார் நிண்டால் உடனே தடுப்புக்குப் பின்னாலை போகவேணும். அதுதான் விதி" என்று பிறகு எனக்குச் சொன்னார்.

"பரீட்சகர் காருக்குள்ளை இருந்தவ!"

"அவவும் வந்திருக்கவேணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பின்னேரம் சின்யோராவைப் படிக்கட்டில் கண்டேன். கைப்பிடியைத் தேடித் தேடிப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, அவர் திரும்பவும் பெயிலோ?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். "காருக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே? அவரின்ரை கையிலை காருக்கு ஒண்டும் நடக்காது." சிரித்த முகம் என்னைப் பார்க்கவில்லை, எனக்குச் சற்றுப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்தது.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அப்பா காரணம் கேட்டார். சொன்னேன்.

"யப்பான்காரருக்குப் பின்னுக்கு எடுக்கத் தெரியாதோ? டேய், வெளியிலை சொல்லிப்போடாதை, மானம் போயிடும்." யாருடைய மானம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "ஞாயிறு நான் வாறன்" என்றார்.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இங்கே வந்த நாளிலிருந்து பஸ்ஸில் போய் வீடுகள் துப்புரவாக்குகிறார். ஆனால் ஊரை விட்டு வருவதற்கு முன் பருத்தித்துறை மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பூட்டியிருந்த தளபாடக் கடை ஒன்றின் பின்வெளியில், ஞாயிற்றுக்கிழமை காலை, காரின் பின்பக்கத்தில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ட்ரைவர் அண்ணை! வா வா வா வா... லெஃப்டுக்கு வெட்டு, வெட்டு... நேராக்கு... வா வா..."

இருபத்திநாலுவுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் கார் வந்தது. பின்னால் நின்று ஒருவர் கூப்பிட, அவர் நம்பி வருகிறார். பந்தயத்தில் அணியின் ரேடியோவில் காதுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். தெருவில் அது இல்லாததுதான் அவருக்குப் பயம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு ஞாயிறுகளில் அவர் அந்த வெளி முழுக்கப் பின்னோக்கியே சுற்றிவந்தார். அப்பாவின் தொண்டை கட்டிவிட்டது.

ஒரேயொரு விபத்து. அப்பா "வா வா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்தவர் ஒருவர் நடந்து போனார். அப்பா திரும்பி, "எப்பிடி அண்ணை சுகம்?" என்று கேட்டார். கார் வந்துகொண்டே இருந்தது. குப்பைத் தொட்டி விழுந்தது. கார் நின்றது.

மூன்றாவது பரீட்சை. அதே கறுப்புக் கண்ணாடி, அதே சூயிங்கம். பயிற்றுநர் மிதியைத் தொட்டால் மாணவன் பெயில். ஆகவே நான் இரண்டு கால்களையும் இருக்கைக்கடியில் மடக்கிச் செருகி வைத்துக்கொண்டேன். இருபத்திநாலுவின் முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. போர்கோ வெக்கியோ என்ற பகுதியில், சந்தைக்குப் போகும் ஒருவழித் தெருவில் நுழைந்தோம். பாதித் தெருவில், எதிர்த் திசையில், கூனைப்பூக் காய்கறி குவித்த மூன்று சக்கர வண்டி ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் வாயில் சிகரெட். பிழை முழுக்க அவருடையது. அதனால் அவர் நகரப் போவதில்லை.

"என்ன செய்யப் போறியள்?" என்றார் பரீட்சகர்.

இருபத்திநாலுவின் கை பெல்ட்டுக்குப் போயிற்று. நான் வாய் திறக்கக்கூடாது, கால் நீட்டக்கூடாது. சின்யோரா சுவரைப் பார்த்துச் சிரித்தது மட்டும் கண்ணுக்குள் வந்து நின்றது.

பெல்ட்டைத் தொட்ட கை திரும்பி வந்து கியரைப் பிடித்தது. தலையைத் திருப்பினார். பிறகு, மிக மெதுவாக, தனக்குத்தானே சொல்லத் தொடங்கினார்.

"வா வா வா வா... லெஃப்டுக்கு வெட்டு... வெட்டு... நேராக்கு... வா வா..."

அச்சுப் பிசகாத அப்பாவின் குரல், பருத்தித்துறை ரோட்டின் ராகம். கார் பால்கனிகளுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவால், ஒன்றிலும் உரசாமல், தெரு முழுக்கப் பின்னோக்கிப் போயிற்று. முனையில் வளைந்தது.

"எப்பிடி அண்ணை சுகம்?" என்று சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்தார். பூப்போல நின்றது.

கூனைப்பூ வண்டிக்காரர் சிகரெட்டை எடுத்துவிட்டுக் கைதட்டினார். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜப்பான் பாஷை இவ்வளவு இனிமையா?"

"ஓம்" என்றேன்.

லைசென்ஸைக் கையிலேயே கொடுத்தார்கள். புதுச் சாரதி என்பதால் மூன்று வருடத்துக்கு வேகமான கார்கள் ஓட்டக்கூடாது, பெருந்தெருவிலும் நூறைத் தாண்டக்கூடாது என்று பரீட்சகர் எச்சரித்தார். இருபத்திநாலு திடுக்கிட்டு, "நூறோ? அவ்வளவு வேகம் ஆபத்து" என்றார்.

அடுத்த வியாழன் அவர்கள் புறப்படுவதைப் பார்க்கப் போனேன். சின்யோரா பழக்கதோஷத்தில் நேரே சாரதிப் பக்கக் கதவுக்குப் போய்விட்டார். இருபத்திநாலுவும் அங்கேதான் போனார். இரண்டு பேரும் ஒரே கதவடியில் நின்றார்கள். சின்யோரா கையால் தடவி, அங்கே இவருடைய கை இருப்பதை உணர்ந்து, இவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் நடந்தார். இவர் கதவைத் திறந்து, சின்யோராவை இருத்தி, பெல்ட்டைப் பூட்டி, அது பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமைப் பின்னேரங்களில் எனக்கு மாணவர்களை வைக்கவேண்டாம் என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். பின்னால் பத்து வாகனங்கள் ஹோர்ன் அடிக்க, அந்தச் சின்ன வெள்ளைக் கார் முனை திரும்பி ஊர்ந்து வருவது தெரியும்வரை, நான் எங்கள் கட்டட வாசலை விட்டு நகர்வதில்லை.