இருவாச்சிக்கு அடித்த தட்டு

மானம் போவதற்கு நேரம் காலம் கிடையாது. ஆனால் சாட்சிக்கு ஆள் நிறைய இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் அது போகும். என் மானம் வால்பாறை மழைக்காட்டில், மொத்த வகுப்பின் முன்னால் போனது.

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு விலங்கியல் எடுத்தவர் ஜெயராணி டீச்சர். ஏலாக்குறிச்சிக்காரர். இருவாச்சிப் பறவையைப் பற்றி ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். அதன் பெரிய மஞ்சள் அலகு, பொந்துக்குள் அடைந்து கிடக்கும் பெட்டைக்கு ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும் கதை எல்லாம் அவருக்கு மனப்பாடம். நேரில் பார்த்ததுதான் இல்லை. அந்த வருடத்தோடு அவருக்கு ஓய்வு. அதனால் ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி, வீடு வீடாகப் போய்ப் பேசி, குன்னத்திலிருந்து எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

நாங்கள் மானாவாரி மக்காச்சோளக் காட்டுப் பிள்ளைகள். (எங்கள் ஊரில் காடு என்றால் வயல்தான். மரம் இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.) சாயங்காலம் கதிரைத் தின்ன வரும் மயிலையும் கிளியையும் தட்டு, டின் என்று கையில் கிடைத்ததை அடித்து விரட்டுவது எங்கள் வேலை. அதில் நான் பெரிய ஆள். என் தொண்டையைக் கேட்ட மயில் மறுபடி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்களூரில் மழை வந்தால் கொண்டாடுவோம். வால்பாறையில் அது வந்ததோடு சரி, போகவே இல்லை. மேலே மழை, கீழே அட்டை. பழுத்திருந்த ஒரு அத்தி மரத்துக்கு எதிரே எங்களை உட்கார வைத்து, மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டார் வனக்காவலர். ஆறிப்போன புளிச்சோற்றை நனைந்துகொண்டே தின்றோம். வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்த நான், எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் மடியில் வைத்தபடியே தூங்கிவிட்டேன்.

திடீரென்று பெரிய இறக்கைச் சத்தம். பக்கத்திலிருந்த சேகர் முழங்கையால் இடித்து, "வந்துடுச்சுடா" என்றான்.

எங்கள் சோளக்காட்டில் அந்த வார்த்தைக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஸ்பூனை எடுத்துத் தட்டைப் பிளந்துவிட்டேன். "ஹோய்... ஓடு... ஹோய்!"

கண்ணைத் திறந்தபோது ஒரு கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வகுப்பே என்னைப் பார்த்தது. டீச்சர் மட்டும் பார்க்கவில்லை. மழைநீர் படிந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரமாக மாட்டிக்கொண்டு, "எந்தப் பக்கம் போச்சு?" என்றார். எல்லோரும் கை காட்டினார்கள். "இன்னைக்கு இனி வராதுங்க" என்று காவலர் சொன்ன பிறகும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பல வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு டீச்சர் வந்தார். பரிசு, ஒரு எவர்சில்வர் தட்டு. பெயர் வெட்டுகிற இடத்தில், 'சத்தமில்லாமல் சாப்பிடவும் - ஜெயராணி டீச்சர்' என்று வெட்டியிருந்தது. மேடையில் என் காதருகே குனிந்து, "நீயாவது பாத்தியாடா?" என்றார்.

"இல்ல டீச்சர். கண்ண மூடிக்கிட்டுத்தான் அடிச்சேன்."

கல்யாண மேடை என்றும் பார்க்காமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கதை அன்றைக்கே பந்திவரை போய்விட்டது.

இன்றும் அந்தத் தட்டில் சாப்பிடும்போது லேசாகச் சத்தம் வந்தால், "அப்பா, பறந்துடும்" என்பாள் மகள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். டீச்சர் போன வருடம் தவறிவிட்டார். இருவாச்சியைக் கடைசிவரை பார்க்கவே இல்லை.

மகளின் பள்ளியில் இப்போது வால்பாறைக்கு டூர் போகிறார்கள். போய்வா என்று சொல்லிவிட்டேன். புளிச்சோற்றை மட்டும் வாழை இலையில் கட்டிக் கொடுத்தேன்.