மாடிப்படி இறங்கி ஆபீஸ் வரும் அத்தானுக்கு

செம்பூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய அத்தான் பிரம்மநாயகம் அவர்களுக்கு, மைத்துனனும் தங்கள் ஆபீஸ் மேனேஜருமான ராஜசேகர் கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மகேஸ்வரியும் முதுகுவலி நீங்கலாக நலம். அங்கே தாங்களும் அக்காவும் சர்க்கரை ஏறாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேரில் சொன்னால் கத்துவீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அக்கா படித்துச் சொந்தக்காரர் குரூப்பில் போட்டுவிடுவாள். அதனால்தான் காகிதம்.

"ஏம்ல ஒருத்தனும் வீட்டை விட்டு வரமாட்டேங்கான்? விசாரிச்சுட்டு வா" என்று என்னை ஒற்றனாக அனுப்பினீர்கள். வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், ஒன்றாம் தேதி முதல் ஆபீஸுக்கு வராதவருக்கு வேலை கிடையாது என்ற உத்தரவோடு, இரண்டு வருஷமாக ஆபீஸ் வாசலையே மிதிக்காத கனகவள்ளிக்கு மட்டும் முன்கூட்டியே கையெழுத்திட்ட நீக்கக் கடிதத்தையும் என் பையில் வைத்தீர்கள்.

முதலில் முலுண்ட் பேச்சிராஜா. "அண்ணாச்சி, காலைல லோக்கல் ரயில்ல ஏறிட்டா எது என் காலு, எது அடுத்தவன் காலுன்னு எனக்கே தெரியாது" என்றான். பயல் அளக்கிறான் என்று புதன்கிழமை நானே அவனோடு ஏறினேன். ஏறியது நான், இறக்கியது கூட்டம்! நம் ஆபீஸுக்கு மஸ்ஜித் பந்தரில் இறங்க வேண்டியவனை "உத்ரோ, உத்ரோ", இறங்கு இறங்கு என்று வழியில் காட்கோபரிலேயே பிதுக்கித் தள்ளிவிட்டார்கள். என் பையும் ஒரு செருப்பும் மட்டும் பேச்சிராஜாவோடு வேலைக்குப் போயின (பையைச் சாயங்காலம் வாங்கிக்கொண்டேன்). அடுத்த வண்டியில் தொற்றினேன். குர்லா தாண்டியதும் வாசலில் தொங்கிய ஒருவர் கம்பத்தில் அடிபட்டு விழுந்தார். வண்டி நின்றது. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அத்தான். லேட் மார்க் போடுவீர்களே என்று.

அப்புறம் தாராவி கனகவள்ளி. வீட்டில் ஆள் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். புருஷன் தளவாய்க்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு, மடியில் லேப்டாப் வைத்து நம் கப்பல் சரக்குக் காகிதங்களை அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பச்சைச் சுவர். "கனகவள்ளி வீட்டுச் சுவரைப் பாருங்கடா, எவ்வளவு சுத்தம்!" என்று மீட்டிங்கில் மெச்சினீர்களே, அதே சுவர்தான். எந்நேரமும் கேமரா எரிய வேண்டும் என்பது உங்கள் சட்டமாயிற்றே!

"சொல்லியிருக்கலாமே தாயி" என்றேன்.

"சொன்னா லீவு எடுன்னுதான் சொல்லுவாவ அண்ணாச்சி. லீவு எடுத்தா இவரை யாரு பாக்க? வேலை போனா யாரு காப்பாத்த?"

தளவாய் கட்டிலில் கிடந்தபடியே சிரித்தார். "மொதலாளிட்ட சொல்லுங்க அண்ணாச்சி, நானும் படுத்துக்கிட்டே வேலை பாக்குறவன்தான். சம்பளம்தான் வரல."

நீக்கக் கடிதத்தைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தளவாய்க்கு டீ ஆகாதாம், நர்ஸ் திட்டினாள்.

இரண்டு வருஷத்தில் கனகவள்ளியின் காகிதத்தால் ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றதில்லை. தினமும் உங்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் நான்தான் போன மாதம் கொழும்புச் சரக்கைச் சிட்டகாங்குக்கு அனுப்பியவன். வீட்டில் இருப்பவர்களை நம்ப முடியாது என்கிறீர்கள். ஆபீஸில் இருக்கும் என்னை நம்பி என்னத்தைக் கண்டீர்கள்? காலையில் தலையை எண்ணாமல் சாயங்காலம் முடிந்த வேலையை எண்ணுங்கள். வாரத்தில் ஒரு நாள் எல்லோரும் வரட்டும், அதுவும் கூட்டம் வடிந்து பதினோரு மணிக்கு. அந்தக் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள். கனகவள்ளியை மட்டும் அவள் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கோபம் வந்தால் மோர் குடித்துவிட்டுக் கத்தவும். தங்கள் தொழிலும் குடும்பமும் தழைக்கட்டும்.

தங்கள்,
ராஜசேகர்.

பி.கு.: இதைக் கவரில் போடும்போது கனகவள்ளியிடமிருந்து போன். தளவாய் விடியற்காலையில் போய்விட்டாராம். அவள் சொன்னாள்: "பதினாறு கழிஞ்சதும் தெனமும் ஆபீஸுக்கே வந்துருதேன்னு மொதலாளிட்ட சொல்லிருங்க அண்ணாச்சி. இனி வீட்டுல எனக்கு என்ன சோலி?" ஆகவே, மேலே கேட்டது எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு நாற்காலி மட்டும் போடவும்.