கடைசி நாள் இல்லாத நகரம்

வரைபடம் போடுகிறவர்கள் கைதவறி விட்டுவிட்ட ஒரு மூலையில் நாதாவரம் என்ற ராஜ்யம் இருந்தது. இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தால் சரியான பதில் கிடைப்பதில்லை. போய் வந்தவர்களுக்கெல்லாம் காது மந்தமாகிவிட்டது. எதைக் கேட்டாலும், "ஆமாம், ஆமாம், நல்ல கச்சேரி" என்கிறார்கள்.

அதன் தலைநகரம் அழகான ஊர். நடுவில் ஒரு குன்று, குன்றின்மேல் கோட்டை, கோட்டைக்குக் கீழே சிவப்பு ஓட்டு வீடுகள், மணியடித்துக்கொண்டு ஓடும் டிராம் வண்டிகள், எல்லாத் தெருவும் வந்து சேரும் ஒரு காய்கறிச் சந்தை. அந்தச் சந்தைத் திடலில் ஆண்டுக்கு ஒரு முறை இசைவிழா நடக்கும். மேளக்காரரும் வருவார், வயலின்காரரும் வருவார், நாட்டுப்புறப் பாட்டுக்காரியும் வருவாள், கிதாரைத் தூக்கிக்கொண்டு விடலைகளும் வருவார்கள். ஒரே மேடை, ஒரே விழா.

ராஜ்யத்தை நிறுவிய முதல் மன்னர் அதில் ஒரு வழக்கத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். விழாவின் கடைசி நாளில் கலைஞர்கள் யாரும் மேடை ஏறக் கூடாது. குடிமக்களில் யார் வேண்டுமானாலும் ஏறித் தன் குறையைப் பாடலாம். பாட்டு முடிந்ததும், அதற்குப் பதில் சொல்லாமல் மன்னர் ஆசனத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. குறையைப் பேசினால் செல்லாது, பாடத்தான் வேண்டும். பேச்சில் பொய் சொல்லலாம், பாட்டில் பொய் வராது என்று நம்பிய அப்பாவி மனிதர் அவர். பிற்காலத்துப் பாட்டுகளை அவர் கேட்கவில்லை, பாவம்.

எப்படியோ, அந்த வழக்கத்தால் ஊருக்குப் பாலம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, லஞ்சம் வாங்கிய வரித் தண்டலாளர் ஒருவருக்கு வேலையும் போனது. பிறகு கோஷவர்மர் பட்டத்துக்கு வந்தார்.

அவர் பட்டமேறிய ஆண்டே, கடைசி நாளில் ஒரு டிராம் ஓட்டுநர் மேடை ஏறினார். மகாராஜாவின் மைத்துனர் தண்டவாளத்தைப் பெயர்த்து விற்றுவிட்டதை நல்ல தாளக்கட்டோடு பாடினார். என்ன பதில் சொல்வது? மகாராஜா பொழுது சாயும்வரை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் மைத்துனரைப் பதவி நீக்குகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். எழுந்தவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. அரண்மனைக்கு நொண்டிக்கொண்டே போனார், போனதும் விழா மந்திரி அலங்காரதாசரைக் கூப்பிட்டார்.

"மந்திரியாரே, இந்தக் கடைசி நாளை ஒழித்துவிட முடியாதா?"

"ஒழிக்கக் கூடாது மகாராஜா. அது நம் தொன்மரபு. கை வைத்தால் ஜனங்கள் கொந்தளிப்பார்கள்" என்றார் அலங்காரதாசர். "ஆனால் அது வராமல் பார்த்துக்கொள்ளலாம்."

"எப்படி?"

"ஒரே ஒரு விழா இருப்பதால்தானே அது முடிந்து தொலைக்கிறது? ஒவ்வோர் இசைக்கும் தனியாக ஓர் ஆண்டு விழா என்று அறிவிப்போம். ஒன்று முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிட வேண்டும். முடிவே இல்லாத விழாவுக்குக் கடைசி நாள் ஏது?"

மகாராஜா தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

முரசறைந்தார்கள். எல்லா இசைக்கும் சம உரிமையாம். தாளவாத்திய விழா, பித்தளைக் குழல் விழா, ஜாஸ் விழா, பஜனை விழா, தாலாட்டு விழா, ஒப்பாரி விழா! ஒப்பாரி விழாவுக்குச் செத்துக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று யாரோ கேட்டார்களாம். அதற்கும் ஏற்பாடு நடக்கிறது என்று விழாத்துறை பதில் சொன்னதாம்.

ஜனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வாய்க்கால் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த செல்லக்கிளிக்கும்தான். அவள் மகாராஜாவை வாயார வாழ்த்தினாள், அதை மறைப்பானேன். விழாவுக்கு வந்த கூட்டம் முழுக்க அவள் கடையில்தான் சாப்பிட்டது. குன்றின் ஊற்றிலிருந்து அவள் வாசல் வழியாகவே வாய்க்கால் ஓடியது. குனிந்து மொண்டால் தண்ணீர், நிமிர்ந்தால் வியாபாரம். "ராஜான்னா இவருதான்டி ராஜா" என்று பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

அடுத்த ஆணை வந்தது. பெரிய வாத்தியக் குழுக்களின் விழாவுக்கு மேடைக்கு முன்னால் ஆடும் நீரூற்று வேண்டுமாம். இசைக்கேற்ப அது ஏறி இறங்கி ஆட வேண்டுமாம். ஆட்டத்துக்குத் தண்ணீர் எங்கே போவது? குன்றின் ஊற்றைத் திருப்பிவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்தது, கலங்கியது, பிறகு ஒரு செருப்பும் இரண்டு தவளைகளும் மட்டும் மிச்சமிருந்தன. தவளைகளும் விவரமானவை, போய்விட்டன.

செல்லக்கிளி குடத்தோடு குன்றேறி, ஊற்றுக் காவல்காரனிடம் கெஞ்சி, பாதி குடம் வாங்கிவந்து மாவாட்டினாள். தண்ணீர் பற்றாத மாவு எப்படி வேகும்?

"ஏக்கா, இது இட்லியா, இல்ல கோட்டச் சுவத்துல இருந்து விழுந்த கல்லா?" என்றான் தினமும் சாப்பிடும் டிராம் நடத்துநர்.

"கல்லுன்னா காசு குடுக்காம போ. பல்லு போனா என்னயக் கேக்காத" என்றாள் அவள். அவன் நிஜமாகவே காசு கொடுக்காமல் போனான். மறுநாள் வரவேயில்லை. ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அடுப்பு அணைந்து கிடந்ததைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

அலங்காரதாசரைப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, எங்க தெருவுக்குத் தண்ணி வுடணும். இல்லன்னா கடைசி நாளு எப்பன்னு சொல்லுங்க, நான் மேடையில பாடிக்கிறேன்."

"கடைசி நாள், கடைசி நாள் என்று அபசகுனமாகப் பேசாதே அம்மா" என்று காதைப் பொத்திக்கொண்டார் மந்திரி. "கலைக்கு முடிவு உண்டா? இருந்தாலும் அரசு உன்னைக் கைவிடாது. இந்தா, வாய்க்கால் தெருவாசிகள் அனைவருக்கும் முன்வரிசையில் இலவச அனுமதி. நீரூற்றின் சாரல் உங்கள் மேலேயே தெறிக்கும்."

தெருவுக்கு வந்து சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் முன்வரிசை முழுக்க வாய்க்கால் தெரு, ஒவ்வொரு மடியிலும் ஒரு குடம். வயலின்கள் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் நீரூற்றும் ஏறியது, குடங்களும் ஏறின. சங்கீதத்தை இவ்வளவு ஊன்றிக் கவனித்த ரசிகர்களை அந்த வித்வான்கள் அதுவரை பார்த்ததில்லை.

அரண்மனைக்கு அதுவும் பொறுக்கவில்லை. கலைக்காகப் பீய்ச்சப்படும் நீர் கலைநீர், அதைப் பிடித்துச் சமைப்பது கலை அவமதிப்பு என்று ஆணை பிறந்தது. கையோடு கைதட்டுச் சட்டமும் வந்தது. விழாவில் அமரும் ஒவ்வொருவரும் இரண்டு கைகளையும் தட்டுவதற்கென்றே காலியாக வைத்திருக்க வேண்டும். வாத்தியம் தவிர வேறெந்தப் பொருளும் கையில் இருக்கக் கூடாது. பாட்டு முடிந்தால் தட்ட வேண்டும், மகாராஜாவின் பெயர் வந்தால் தட்ட வேண்டும், பக்கத்தில் யாராவது தட்டினால் ஏன் என்று கேட்காமல் கூடவே தட்ட வேண்டும். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ளக் கைதட்டுக் கண்காணிகள் சுற்றினார்கள்.

பழக்கம் பொல்லாதது. ஒரு நாள் செல்லக்கிளி வீட்டுக்குள் ஒரு கொசுவை அடித்தாள். சத்தம் கேட்டுப் பேச்சித்தாய் தன் வீட்டிலிருந்து தட்டினாள். அதைக் கேட்டு எதிர்வீடு தட்டியது. தெருமுனைவரை கைதட்டல் போய்த் திரும்பி வந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. கொசு மட்டும் தப்பித்துவிட்டது.

அப்போதுதான் தேர்தல் வந்தது. ஆம், நாதாவரத்தில் மகாராஜாவுக்கும் தேர்தல் உண்டு. எதிர்த்து நிற்கத்தான் ஆள் கிடையாது. மகாராஜா ஆசனத்தில் அமர, அவர் பெயரைச் சொல்ல, திடல் கைதட்ட, அந்த ஓசையை அளந்து முடிவை அறிவிப்பார்கள். இதில் ஒரு சிறு இடைஞ்சல். ஓசையை அளக்க வேண்டுமானால் வேறு சத்தம் இருக்கக் கூடாது. ஆகவே தேர்தலன்று மட்டும் எல்லா இசையும் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள்.

செல்லக்கிளி அதைக் கேட்டதும் காய்ந்த வாய்க்காலில் இறங்கிப் பேச்சித்தாய் வீட்டுக்கு ஓடினாள்.

"ஏடி பேச்சி! பாட்ட நிறுத்துறாங்கன்னா என்ன அர்த்தம்? விழா முடியுது. விழா முடியுதுன்னா?"

பேச்சித்தாய் வாயைப் பிளந்தாள். "கடைசி நாளு!"

"மேடையும் காலி, ராஜாவும் ஒக்காந்திருப்பாரு. பதில் சொல்லாம எந்திரிக்கட்டும் பாப்போம்!"

"அக்கா, பாடிருவீங்களா? ராஜா மூஞ்சியப் பாத்தா எனக்கெல்லாம் நாக்கு ஒட்டிக்கும்."

"மாவாட்டுறப்ப பாடாத பாட்டா? நீங்க வெறுங்கொடத்தத் தட்டுங்க, போதும். நம்ம கொடம் காலியா இருக்குறத அந்த மனுசன் காதால கேக்கட்டும்."

தேர்தலன்று தெருவே குடங்களோடு கிளம்பியது. திடல் வாசலில் காவலர் மறித்தார். "கையில் என்ன?"

செல்லக்கிளி குடத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "வாத்தியம்ங்க ஐயா" என்றாள்.

காவலர் சட்டத்தை யோசித்தார். வாத்தியத்துக்குத் தடை இல்லை. உள்ளே விட்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்துச் செல்லக்கிளிக்கே பெருமை பிடிபடவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வாத்தியங்கள் ஓய்ந்தன. அத்தனை நாளுக்குப் பிறகு ஊர் முதல்முறையாக மௌனமாக இருந்தது. அலங்காரதாசர் மகாராஜாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் செல்லக்கிளி மேடை ஏறிவிட்டாள். கீழே குடங்கள் முழங்கத் தொடங்கின.

*"வாய்க்கா இருக்குது, வாய் நனைய வழியில்ல,*
*ஊருக்கு நடுவுல ஊத்து ஆடுது, உல வைக்க நீரில்ல,*
*பாட்டு கேட்டு பசி தீந்தா பானை எதுக்குய்யா?*
*தண்ணிய வுட்டுட்டு அப்புறம் எந்திரி மகராசா!"*

பாடி முடித்தபோது அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வாய்க்கால் தெருவில் நீண்ட நாளைக்குப் பிறகு ஓடிய தண்ணீர் அதுதான். மகாராஜாவின் பழைய கால் மறுபடி மரக்க ஆரம்பித்தது. ஜெயித்துவிட்டோம் என்றே செல்லக்கிளி நினைத்தாள்.

அலங்காரதாசர் குனிந்து மகாராஜாவின் காதில் ஏதோ சொன்னார். மகாராஜாவின் முகம் மலர்ந்தது.

"அம்மணி, உன் பாட்டு என்னை உலுக்கிவிட்டது" என்றார் அவர், உட்கார்ந்தபடியே. "தாள விழா கண்டோம், தாலாட்டு விழா கண்டோம். இந்த ஒப்பற்ற இசையை இத்தனை காலம் புறக்கணித்துவிட்டோமே! இந்த நொடியே வெறுங்குட இசைவிழாவைத் தொடங்கிவைக்கிறேன். இனி ஆண்டுதோறும், வாய்க்கால் தெருவிலேயே!"

"ஐயா, தண்ணி..." என்றாள் செல்லக்கிளி.

அலங்காரதாசர் முன்னால் வந்தார். "அம்மா, மகாராஜா விழாவைத் தொடங்கிவிட்டபடியால் இன்று கடைசி நாள் அல்ல, முதல் நாள். முதல் நாளில் முறையீடு செல்லாது, வாழ்த்து மட்டுமே செல்லும். குடம் வாத்தியம் என்று வாசலில் நீயே சொன்னதாகக் காவலர் தெரிவித்தார். வாத்தியத்தில் தண்ணீர் விழுந்தால் நாதம் கெடும். ஆகவே இந்த அரிய கலையைக் காக்கும் பொருட்டு, வாய்க்கால் தெருவுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் வராதபடி இன்றுமுதல் சட்டம் பாதுகாக்கும்."

மகாராஜா எழுந்தார். பதில் சொல்லிவிட்டாரே, எழலாம். செல்லக்கிளியின் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது, கையில் ஒரு வெள்ளிக் குடம் வந்தது. அதுவும் காலிதான்.

"மகாராஜா கோஷவர்மர் வாழ்க!" என்றார் அலங்காரதாசர்.

திடல் அதிர்ந்தது. ஓசையை அளந்தவர்கள் அளந்தார்கள். கோஷவர்மர் முன்னெப்போதையும்விடப் பெருவாரியான கைதட்டலில் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தட்டலில் முதலிடம் வாய்க்கால் தெருவுக்கே என்று தனியாக ஓர் அறிவிப்பும் வந்தது.

திரும்பி வரும் வழியில், மேட்டுத் தெருக்காரர்கள் தங்கள் தெரு வாய்க்காலை மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு தங்களுக்கும் ஒரு விழா கிடைக்குமாம்.

செல்லக்கிளி வாசலில் வெள்ளிக் குடத்தை இறக்கி வைத்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"ஏடி பேச்சி, வாயில மண்ணப் போட்டவனுக்கு நீயுமாடி கை தட்டுன? ஒனக்கு அறிவு வேணாம்?"

பேச்சித்தாய் அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"நாங்கல்லாம் கொடத்தப் புடிச்சிட்டு சும்மாதான்க்கா நின்னோம். மேடையில கொடத்தக் கீழ வச்சிட்டு நீங்கதான் மொதல்ல தட்டுனீங்க. அதப் பாத்துத்தான் நாங்களும் தட்டுனோம்."

செல்லக்கிளி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். இரண்டும் சிவந்திருந்தன.