சித்தப்பா சாவும் பி பக்கப் பாட்டும்

தங்கையா தன் சித்தப்பா காத்தமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது கஹவத்தை பஸ் ஸ்டாண்டில். கிழவர் ஒரு கையில் உளுந்து வடையும் மறு கையில் பருப்பு வடையுமாக நின்றுகொண்டிருந்தார். எந்த பஸ் முதலில் வருகிறது என்பதைவிட எந்த வடை முதலில் முடிகிறது என்பதில்தான் கவனம். எழுபத்திரண்டு வயது. பல் முழுசு. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அப்படிப்பட்ட மனுசனைச் சரியாக மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தங்கையாவே கொன்றான். ஆயுதம் ஒன்றும் பெரிதில்லை. வாய்தான்.

கொலைக்குக் காரணம் ஒரு கேசட்.

தங்கையா யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டர். மெஷின் போடும் சத்தத்தை வைத்தே எந்த பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வீட்டில் அந்தத் திறமை செல்லாது. இராஜகுமாரி எப்போது எதற்குச் சத்தம் போடுவாள் என்பது கல்யாணமாகி இருபது வருடமாகியும் அவனுக்குப் பிடிபடவில்லை.

கேசட், மாற்றலாகிப் போன ஒரு சின்னத்தொரை ஃபேக்டரி மேசை லாச்சியில் விட்டுப்போனது. மில்பாண்ட் எம்பயர் என்று இங்கிலாந்தில் ஒரு பாட்டுக் குழு. எழுபதுகளில் பெரிய ஆட்கள். ஏ பக்கத்தில் ஒரே பாட்டு. பி பக்கத்திலும் ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். ஏழு தட்டு, மறுபடி ஏழு, அப்புறம் எட்டு. என்ஜின் ரூமில் உட்கார்ந்து அதை விரலில் எண்ணி எண்ணியே இருபது வருடம் கேட்டிருக்கிறான். இங்கிலீசு பாதிதான் விளங்கும். எண்ணிக்கை முழுசாக விளங்கும்.

கல்யாணமான புதிதில் இராஜகுமாரியையும் உட்காரவைத்து பி பக்கத்தைப் போட்டுக்காட்டினான். அவளும் கொஞ்ச நேரம் பொறுமையாகத்தான் இருந்தாள்.

“பாட்டு எப்பங்க தொடங்கும்?”

“தொடங்கிப் பதினோரு நிமிஷம் ஆச்சு புள்ள.”

“அப்ப எப்ப முடியும்?”

அன்றிலிருந்து கேசட் ஃபேக்டரியிலேயே குடித்தனம் நடத்தியது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், சண்டை ஓய்ந்து வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கிய நேரம், தொரை அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மில்பாண்ட் எம்பயரில் பியானோ வாசிக்கும் எட்வின், அந்தக் காலத்தில் இதே தோட்டத்தில் பெரிய தொரையாக இருந்தவருடைய மகனாம். இதே பங்களாவில் பிறந்தவராம். பிறந்த இடத்தைப் பார்க்க வருகிறாராம், கூட்டாளிகள் இரண்டு பேரோடு.

“இரிதா மூணு மணிக்கு நம்ம க்ளப்புல வாசிக்கிறாங்க. நாப்பது பேருக்கு மட்டும்தான். கரண்ட் போனா ஜெனரேட்டர் போட நீ வேணும். பின்கதவுக்கிட்ட நாற்காலி இருக்கும். ஹரித?”

“ஹரி சேர்,” என்றான் தங்கையா. ஆபீஸ் படியில் இறங்கும்போதுதான் தொரையின் சிங்களத்தில் இரிதா என்றால் ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கூரை.

வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக் கூரை ஓட்டையாகி நான்கு வருடம். மழை பெய்தால் வீட்டுக்குள் ஏழு சட்டி வைக்க வேண்டும். இராஜகுமாரி காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, மத்தியானமெல்லாம் ஆபீசுக்கு நடந்து, பெட்டிஷன் மேல் பெட்டிஷன் கொடுத்து, பன்னிரண்டு புதுத் தகரம் வாங்கிவிட்டாள். ஞாயிறு அவளுடைய தம்பி சுதாகரன் ஆட்களோடு வருகிறான். “அன்னிக்கு நீங்க வீட்டுல இல்லாட்டி, திங்கக்கிழமையிலருந்து வீடே உங்களுக்கு இல்ல” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

தங்கையா ஒரு நாள் முழுதும் யோசித்தான். தோட்டத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். திருவிழாவுக்குக்கூட ஏதாவது சாக்குச் சொல்லலாம். எழவுக்குப் போகிறவனை மட்டும் ஒருவரும் மறிக்க முடியாது. ஆகவே ஒரு பிணம் வேண்டும்.

காத்தமுத்து சித்தப்பா எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தார். கஹவத்தைக்கு மூன்று பஸ் மாற வேண்டும். அதோடு, இராஜகுமாரி அவரோடு பேசிப் பதினோரு வருடம். ஒரு காதுகுத்துப் பந்தியில், இவள் வைத்த ரசத்தில் மீன் வளர்க்கலாம் என்று சொல்லிவிட்டார். கூட வருகிறேன் என்று நிச்சயம் சொல்ல மாட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள, காத்தமுத்து சித்தப்பா போயிட்டாரு.”

முறம் நிற்கவில்லை. “எங்க?”

“மேல.”

“யாரு சொன்னா?”

“ஆபீசுக்குப் போன் வந்துச்சு.”

“என்ன வருத்தம்?”

“நெஞ்சு வலி.”

“எந்தப் பக்கம்?”

“இடது... ரெண்டு பக்கமும்.”

“எப்ப எடுக்கிறாங்க?”

“ஞாயித்துக்கிழம. மக குவைத்துலருந்து வரணும்ல.”

“எத்தன மணிக்கு?”

“மூணு மணிக்கு.” நாக்கு அந்த மணியைத் தானாகவே சொல்லிவிட்டது.

இராஜகுமாரி முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இதைத் தங்கையா எதிர்பார்க்கவில்லை.

“பாவம். செத்தவரு மேல என்ன கோவம். ஏங்க, அவருக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளதானே?”

“ஆமா.”

“அப்ப கொள்ளி?”

தங்கையாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆண்பிள்ளை இல்லாத சித்தப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அண்ணன் மகன். அண்ணன் மகன் என்று உலகத்தில் இருப்பது அவன் ஒருவன்தான். பிணம் தேடும்போது தூரத்தைப் பார்த்தான், பகையைப் பார்த்தான், வாரிசைப் பார்க்க மறந்துவிட்டான்.

“கொள்ளி வைக்கிறவரு மொட்டை போடணும்,” என்றாள் இராஜகுமாரி.

“அங்க போயிப் பாத்துக்கலாம் புள்ள.”

“அங்க ஆள் கிடைக்குமோ என்னவோ. நம்ம லயத்துலயே ஆள் இருக்கு, நான் சொல்லிவைக்கிறேன். மீசையும் எடுக்கணும். ஒரு பெரிய மனுசனுக்குச் செய்யிறத அரைகுறையாச் செய்யக் கூடாது.”

அன்று சாயந்தரமே அவள் வெற்றிலை வாங்க என்று கடைவீதிக்குப் போய் வந்தாள். வீட்டில் வெற்றிலை இருந்தது. தங்கையா அதைக் கவனிக்கவில்லை. அவன் மீசையைக் கடைசியாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை தலை போயிற்று. மீசை போயிற்று. அடுப்பில் கருவாடு பொரியும் வாசனை வந்தது. தட்டில் கஞ்சி வந்தது.

“கருவாடு?”

“அது நாளைக்குக் கூரைக்கு வர்ற ஆளுங்களுக்கு. தீட்டுக்காரங்க திங்கக் கூடாது.”

லயத்துச் சனங்கள் ஒவ்வொருவராகத் துக்கம் கேட்க வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சாவை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது ஆளுக்குச் சொல்லும்போது சித்தப்பா தண்ணீர் கேட்டார். எட்டாவது ஆளுக்குச் சொல்லும்போது தங்கையாவின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். தங்கையாவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இராஜகுமாரி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “பாவம், பாவம்” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை வெள்ளை வேட்டியோடு புறப்பட்டான். பஸ் ரோடு வரைக்கும் இறங்கி, ரப்பர் மரங்களுக்குள் புகுந்து, ஃபேக்டரிக்குப் பின்பக்கமாக ஏறி, என்ஜின் ரூமில் இரண்டு மணி வரைக்கும் ஒளிந்திருந்தான். லயத்துப் பக்கமிருந்து தகரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடியும் அவன் மொட்டைத் தலையில் விழுந்தது.

க்ளப்பில் தொரை அவனைப் பார்த்து இரண்டு எட்டுப் பின்னால் போனார். “தங்கையா, மொகத வுனே?” என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“வேண்டுதல் சேர்.”

கச்சேரி என்றால் மேடை இருக்கும், மைதானம் இருக்கும் என்று நினைத்திருந்தான். ஒன்றும் இல்லை. பழைய பில்லியர்ட்ஸ் அறையில் நாற்பது நாற்காலி. முன்வரிசைக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கும் இடம். கடைசி வரிசைக்குப் பக்கத்தில், பின்கதவை ஒட்டி, ஒரு வெள்ளைக்காரப் பெண், பட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியும் ஒரு மைக்கும் வைத்துக்கொண்டு பதிவு செய்ய உட்கார்ந்திருந்தாள். மூன்று கிழவர்கள் வந்தார்கள். கிட்டார்க்காரருக்கு உச்சியில் ஒன்றும் இல்லை, பின்னால் மட்டும் வெள்ளைச் சடை. டிரம்ஸ்காரருக்கு முழு வழுக்கை, முழங்காலில் பட்டி. அவர் தங்கையாவின் மொட்டையைப் பார்த்தார், தன் வழுக்கையைத் தொட்டுக் காட்டினார், தலை வணங்கினார். எட்வின் எல்லோரையும் பார்த்துத் தனக்கு ஞாபகமிருக்கும் ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்: “தண்ணி கொண்டா.” சொல்லி முடிப்பதற்குள் க்ளப் வெயிட்டர் தண்ணீரோடு வந்து நின்றார்.

ஏ பக்கம் தொடங்கியது. எட்வினின் விரல் மூட்டுகள் வீங்கியிருப்பது தெரிந்தது. பெடலை மிதிக்கும்போது அவருடைய சப்பாத்து கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் கேசட்டில் இல்லை. உச்சத்தில் பாட வேண்டிய இடத்தை ஒருபடி இறக்கிப் பாடினார், வெட்கப்படாமல். தங்கையாவுக்குக் கூரை மறந்தது, மீசை மறந்தது.

கைதட்டல் அடங்கியபோது பக்கத்து நாற்காலியில் யாரோ உட்கார்ந்தார்கள்.

“எத்தன மணிக்குத் தம்பி எடுக்கிறாங்க?”

காத்தமுத்து சித்தப்பா. நெற்றி நிறையத் திருநீறு. அவருக்கு அந்தப் பக்கம் இராஜகுமாரி, கல்யாணச் சேலையில்.

“சித்தப்பா...”

“மூணு மணின்னு சொன்னியாமே. மூணே முக்கால் ஆச்சு. பொணத்த இவ்வளவு நேரம் போட்டு வைக்கக் கூடாதுடா.”

தங்கையா அவரைத் தாண்டி மனைவியைப் பார்த்தான். “நீ எப்படி இங்க வந்த?”

“நடந்து.”

அவள் கையில் ஒரு கார்டு இருந்தது. திரு, திருமதி தங்கையா என்று டைப் அடித்திருந்தது.

“வியாழக்கிழம ஆபீஸ் பியூன் வீட்டுல கொண்டாந்து குடுத்தான். தொரை ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காரு. நீங்க சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு மனுசனக் கொன்னுட்டு வந்து நிக்கிறீங்க.”

“சித்தப்பா எப்படி...”

“கடைவீதியில பாறூக் நானாட கொமியூனிகேஷன்லருந்து, கஹவத்தையில அவரு வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன். செத்தவருதான் போனை எடுத்தாரு. சுகமா இருக்கியா ஆயின்னு கேட்டாரு. பதினோரு வருசத்துக்குப் பொறகு. நேத்தே வந்து சுதாகரன் வீட்டுல தங்கிட்டாரு.”

“கூரை?”

“பன்னெண்டரைக்கே முடிஞ்சுது. செத்தவருதான் மேல ஏறி நின்னு ஆணி அடிச்சாரு. லயமே வந்து வேடிக்க பாத்துச்சு.”

“கருவாடும் நல்லா இருந்துச்சு,” என்றார் சித்தப்பா. “ரசமும்தான்.”

“ஒரு வார்த்த கேட்டிருந்தா,” என்றாள் இராஜகுமாரி, முன்னால் பார்த்துக்கொண்டு, “காலையில கூரை, சாயந்தரம் பாட்டுன்னு ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கலாம். முடியும் மீசையும் மிஞ்சியிருக்கும்.”

தங்கையாவின் கை மொட்டைக்குப் போயிற்று. ஆனால் நெஞ்சில், அந்த ரெண்டு பக்கமும், மூன்று நாளாக இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. இனி ஒருவரையும் சாகவைக்க வேண்டியதில்லை.

எட்வின் பி பக்கத்துக்குக் கையைத் தூக்கினார். கரண்ட் போயிற்று.

இருபது வருடம் காத்திருந்த பாட்டு. அது தொடங்கும்போது ஜெனரேட்டர் கொட்டகையில் கயிறு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவன் விதி. எழுந்தான். இராஜகுமாரி வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“உட்காருங்க.”

“ஜெனரேட்டர்...”

“உங்க சித்தப்பா போயிட்டாரு.”

இந்தத் தடவை உண்மையாகவே போயிருந்தார். நாற்பது வருடம் என்ஜின் டிரைவராக இருந்த மனுசன். நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அவருக்கும் வேலை வரவில்லை. எட்வின் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, எலக்ட்ரிக் பியானோவை விட்டு க்ளப்பின் பழைய பியானோவுக்கு மாறினார். கிட்டார்க்காரர் மரக் கிட்டாரை எடுத்தார். ஜன்னல் வெளிச்சம் போதுமாக இருந்தது.

தங்கையா விரலை மடக்கினான். ஏழு. ஏழு. எட்டு வரவில்லை. கிழவர்கள் எங்கேயோ திரும்பிவிட்டார்கள். மறுபடி பிடித்தான். ஏழு, ஏழு, ஒன்பதா. முப்பது வருடத்தில் பாட்டு அவர்களோடு நடந்து எங்கெங்கோ போயிருந்தது. விரல்கள் ஓடின, தடுக்கின, மறுபடி ஓடின. வேர்த்தது. முடிவு நெருங்கும்போது ஒரு கை வந்து அவன் விரல்களை மொத்தமாகப் பொத்திப் பிடித்தது. இராஜகுமாரி ஏதோ சொன்னாள். டிரம்ஸ் சத்தத்தில் காதில் விழவில்லை. கை மட்டும் விடவில்லை. மிச்சத்தை அவன் விரல் இல்லாமல், எங்கே போகிறது என்று தெரியாமல் கேட்டான்.

திரும்பி நடக்கும்போது தூறல் பிடித்தது.

“என்னமோ சொன்னியே, நடுவுல?”

“எப்ப?”

“கையப் புடிச்சப்ப.”

“ஒண்ணும் சொல்லல. வேகமா நடங்க.”

“பாட்டு பிடிச்சுதா?”

“தொடங்குச்சு, அதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

அன்று இரவு நன்றாகப் பெய்தது. ஏழு சட்டியும் அடுப்படியில் கவிழ்ந்தே கிடந்தன. சித்தப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். இரண்டாவது தடவை அவர் செத்தபோது தங்கையா சொன்னதை லயத்தில் ஒருவரும் நம்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்திலிருந்து ஆபீசுக்கு ஒரு சீடி வந்தது. உறையில் திருமதி தங்கையா என்று மட்டும் போட்டிருந்தது. இராஜகுமாரி போய்ச் சேர்ந்து இது நாலாம் வருடம். சீடி இருக்கிறது. பி பக்கம் அதில் இருபத்து நான்கு நிமிடம் ஓடுகிறது. இருபத்தோராவது நிமிடத்தில், மைக்குக்கு வெகு கிட்டத்தில், ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்கிறது: “எண்ணாம கேளுங்க.”