மவுத் ஆர்கனைத் திருப்பி அனுப்புகிறேன்

அன்பும் மதிப்பும் மிகுந்த மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் சொல்லச் சொல்ல, என் மருமகள் எழுதும் கடிதம். இங்கே என் வாயைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே உங்கள் முழங்காலும் அக்காவின் ரத்தக் கொதிப்பும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். நான் எச்சில் என்றால் இவள் உமிழ்நீர் என்றுதான் எழுதுவாளாம். எப்படி எழுதினாலும் நனைவது ஒன்றுதான்.

இத்துடன் வரும் பார்சலில், என் கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த மவுத் ஆர்கன் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீர்கள், இரண்டாவது பொத்தான் கிடையாது. "என் தங்கச்சி பேச ஆரம்பிச்சா இத வாயில வச்சுக்குங்க மாப்பிள்ளை" என்றீர்கள். நான் எதையும் மறப்பதில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் நான் வாசிக்கப் போவதில்லை, இனி எந்த மேடையிலும் இல்லை. நீங்கள் கிளம்பி வர வேண்டாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து பாட்டுக் குழு வைத்திருக்கிறோம் அல்லவா, போன ஞாயிறு முதல் கச்சேரி. ஒத்திகையிலேயே எனக்கு வாயில் ஊற்றெடுத்து, ஆர்கனில் இடப்பக்கத் துளையெல்லாம் அடைத்துக்கொண்டு கொரகொரவென்றது. புல்லாங்குழல்காரர் "காய்ஞ்ச ரஸ்க்கு தின்னுட்டு ஏறுங்க, உறிஞ்சிரும்" என்றார், தின்றேன், தூள் உள்ளே போய் மாவாகப் பிசைந்துகொண்டது. அக்கார்டியன் வாசிக்கிற துருத்தி அண்ணன் "சாப்பாட்ட நெனைக்காதய்யா, எச்சில் ஊறாது" என்றார். நினைக்காமல் எப்படி? முதல் பாட்டை நான் பழகியது உங்கள் வீட்டில், அக்கா மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள், வால் துண்டை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், இன்றைக்கும் அந்தப் பாட்டின் பல்லவி வந்தால் எனக்கு அந்த வால்தான் தெரிகிறது. ஊறாமல் என்ன செய்யும்?

ஆர்கனில் தண்ணீர் சேர்ந்தால் உள்ளங்கையில் மெல்லத் தட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கை ஆயுசு முழுக்க ஈரப் படுக்கை விரிப்பை உதறிய கை. கச்சேரி மேடையில் பாட்டு சூடு பிடித்ததும் அது என்னைக் கேட்காமலே ஒரு உதறு உதறியது. முதல் வரிசையில் எங்கள் பழைய சூப்பிரண்டு, வழுக்கைத் தலை, தலையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து மேலே பார்த்தார். மேலே ஏ.சி. "ஒழுகுதுய்யா!" என்றார். நான் பயத்தில் இன்னும் வேகமாக வாசித்தேன், இன்னும் உதறினேன், அந்த வரிசை முழுக்க மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டது. வாட்ச்மேன் வாளி கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். மண்டபத்து மெக்கானிக் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்து, "மூணு எடத்துல லீக்கு சார்" என்று சொல்லி எதையோ திருகினான், அவ்வளவுதான், ஒழுகாமல் இருந்த ஏ.சி. உடைத்துக்கொண்டு கொட்டியது. சூப்பிரண்டு தொப்பல். மெக்கானிக்கைப் பிடித்துத் திட்டுகிறார்கள், அவன் ஏணி மேல் அழுகிறான். எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். மைக்கைப் பிடித்து, "ஐயா, மொதல்ல ஒழுகினது ஏ.சி. இல்ல, நான்" என்று சொல்லிவிட்டேன்.

துருத்தி அண்ணன் என் காதில், "அடப்பாவி, பழியத் தூக்கிக்க ஒரு மெஷினே வந்து நிக்குது, வேண்டாங்கறியே!" என்றார். சூப்பிரண்டு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, தான் எதில் நனைந்திருக்கிறோம் என்று கணக்குப் போடுவதுபோல் நின்றார். உங்கள் தங்கை பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னைக் குழாய் என்றுதான் கூப்பிடுகிறாள். "குழாய்க்குக் காப்பி வேணுமா?" என்கிறாள். குழுவில் யாரும் போகச் சொல்லவில்லை, நானாகவே நின்றுகொண்டேன். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே அதை உங்கள் வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள், நான் கெஞ்சிக் கேட்டாலும் தராதீர்கள். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லோரும் உலர்ந்து வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை (கைநாட்டு)

பின்குறிப்பு: பெரியப்பா, இது மருமகள். விலாசம் எழுதுவதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து அந்தப் பார்சலை மூன்று தடவை பிரித்து, "பத்திரமா இருக்கான்னு பாக்குறேன்" என்று ஆளுக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டிவிட்டார். அதனால் கடைசியாக ஒட்டும்போது ஆர்கனை எடுத்துவிட்டு உள்ளே சலவை சோப்பை வைத்துவிட்டோம். யோசனை என்னுடையது இல்லை, அத்தையுடையது. ஞாயிற்றுக்கிழமை மாமா வாசிக்கிறார், துருத்தி அண்ணனிடம் அத்தையே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கட்டாயம் வாருங்கள். முதல் வரிசையில் அத்தைக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. மாற்றுச் சட்டை ஒன்று எடுத்து வாருங்கள்.