பூசணிக்காய்ச் சூரியன்

மைசூர் சமஸ்தானத்தில் விஞ்ஞான வாத்தியார் நெபுலா மேஷ்ட்ரு அளவுக்குக் கோபக்காரர் இன்னொருவர் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் இருவரும் ஏதாவது தெருமுனையில் மோதி ஊரே இரண்டாகியிருக்கும். பாலில் தண்ணீர், வகுப்பில் கொட்டாவி, எல்லாவற்றின் மேலும் அவருக்குக் கோபம். ஆனால் பெரிய கோபம் எங்கள் பள்ளி விஞ்ஞானப் புத்தகத்தின் ஒரே ஒரு பக்கத்தின் மேல்தான்.

என்றோ ஒரு நட்சத்திரம் சூரியனை ஒட்டிக் கடந்து போனது, அந்த இழுப்பில் சூரியனிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து வந்து பூமியும் மற்ற கோள்களும் ஆனது என்றது அந்தப் பக்கம். அப்போது பெரிய மேதைகளே அப்படித்தான் சொன்னார்கள். இவர் மட்டும் மேஜையைக் குத்திக் குத்தி வேறு பாடம் நடத்தினார். வாயுவும் தூசியுமாக ஒரு மேகம் சுழன்று, சுருங்கி, தட்டையானதாம். நடுவில் திரண்டது சூரியன், சுற்றி மிஞ்சியது திரண்டு கோள்கள். அந்த மேகத்துக்குத்தான் நெபுலா என்று பெயர். பையன்கள் பரீட்சையில் மேகத்தை எழுதி மொத்தமாக முட்டை வாங்கினார்கள். இன்னொரு முறை மேகம் என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று ஹெட்மாஸ்டர் எச்சரித்துவிட்டார்.

நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். என் வீட்டு மாடியறையில்தான் அவர் குடியிருந்தார். அந்த வருஷ தசராவுக்கு எங்கள் கொலுவைப் பார்க்க ஹெட்மாஸ்டர் வருவதாக இருந்தது. கொலுவில் சூரிய மண்டலம் வைக்கிறேன் என்று இவர் கிளம்பினார். வாயே திறப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சம்மதித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சூரியன் ஒரு பெரிய பூசணிக்காய். பூமி மிளகு. வியாழன் எலுமிச்சம்பழம், சனி என் மனைவியின் வளையலுக்குள் இன்னோர் எலுமிச்சம்பழம். புதிதாகக் கண்டுபிடித்திருந்த ப்ளூட்டோ ஒரு கசகசா. தூரத்தையும் அதே அளவில் காட்ட மிளகை அடுத்த தெருவிலும் கசகசாவை ஊர்க்கோடியிலும் வைக்கவேண்டும் என்றார். கூடத்துக்குள் அடக்கச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நடுவில் சூரியன், சுற்றிலும் எண்ணினால் ஒன்பது. வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? நவக்கிரகம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்ற ஆரம்பித்தார்கள். அன்று சனிக்கிழமை வேறு. ஒரு மாமி வளையல் போட்ட எலுமிச்சைக்கு எள் விளக்கே ஏற்றிவிட்டாள். சத்தியத்தை நினைத்துக்கொண்டு மேஷ்ட்ரு பல்லைக் கடித்த சத்தம் சமையலறை வரை கேட்டது.

அந்த நேரம் பார்த்து தலையில் மைசூர் ஜரிகைப் பேட்டா கட்டிக்கொண்டு ஹெட்மாஸ்டர் வந்து சேர்ந்தார். வந்தவர் சுண்டலைத் தின்றுவிட்டுப் போகக்கூடாதா? பெண்களுக்குப் புத்தகத்து நட்சத்திரக் கதையை விளக்க ஆரம்பித்தார். மேஷ்ட்ருவின் காது சிவந்தது.

"இட்லிப் பானையத் தெறந்தா ஆவி வருதே, அதப் புடிச்சு எவனாவது உருண்டை பண்ணியிருக்கானா? சூரியன்லேர்ந்து பிச்சிண்டு வந்த சூட்டு வாயு செதறித்தான் போகும். தெரளாது சார்."

சொன்னதோடு விட்டாரா? அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் கோலமாவைக் கொட்டி வேகமாகச் சுழற்றினார். மாவு அழகாக நடுவில் திரண்டது. பாதித் தண்ணீர் பேட்டாவின் மேல் போயிற்று.

ஹெட்மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஏன்ரீ, நீங்க கணக்கு மேஷ்ட்ரு. புஸ்தகம் சரியா, இவர் சரியா? சொல்லிடுங்கோ."

ஆவி சிதறும் என்பதற்கான கணக்கை மேஷ்ட்ருவோடு உட்கார்ந்து போட்டுச் சரிபார்த்தவனே நான்தான்.

"புஸ்தகம்தான் சார்" என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நெபுலா மேஷ்ட்ரு கோபப்படவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே அவருக்கு வேலை போயிற்று. டிரங்குப் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கியவர், "உமக்குக் கொழந்தை குட்டி இருக்கு, ஓய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒரு கடுதாசி கிடையாது.

இன்று எந்தப் பள்ளிப் புத்தகத்தைத் திறந்தாலும் மேகம்தான் சுழல்கிறது. அந்த நட்சத்திரம் போன இடம் தெரியவில்லை. இதைப் பார்க்காமல் இந்த மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒவ்வொரு தசராவுக்கும் எங்கள் கொலுவில் பூசணிக்காய் வைக்கிறோம். எல்லாரும் போனபிறகு நான் அதை ஒன்பது தரம் சுற்றிவருகிறேன். அதைப் பார்த்தாவது கோபம் பொத்துக்கொண்டு அவர் வரமாட்டாரா?