மூன்றாவது என்னிடம் இருக்கிறது

பாட்டின் மூன்றாவது வரி வந்தபோது லாண்டரிக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி. பெட்டிக்குக் கீழே பல் டாக்டரின் வெள்ளைச் சட்டை. பொசுங்கும் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது.

ரேடியோவில் அறிவிப்பாளர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ராக் பாடகன் 'இடி' இரண்டு வருஷ மௌனத்துக்குப் பிறகு வெளியிட்டிருக்கும் பாட்டு இது, ஒருவருக்கும் அர்த்தம் விளங்கவில்லை, கண்டுபிடித்தவர்கள் உடனே எழுதுங்கள் என்றார். மொத்தம் ஐந்தே வரிகள். அதையே கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் அடித்தொண்டையில் கத்தியிருந்தான் இடி.

முதுகு சூடு தாங்காது.
இடது தோளைத் தொட வேண்டாம்.
உள்ளே இருப்பது வேறு.
மூன்றாவது என்னிடம் இருக்கிறது.
அவசரப்பட்டால் போச்சு, திரும்ப வராது.

ஊருக்கே புரியாத பாட்டு லாண்டரிக்காரருக்கு ஒரு வரி விடாமல் புரிந்தது. எட்டி ரேடியோவை அணைத்தார்.

விஷயம் ஆறு மாசப் பழசு. இடியின் டிரைவர் ஒரு கறுப்பு நீளக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சாதாரணக் கோட் இல்லை. இடி மேடையில் அந்தக் கோட்டோடு திரும்பி நின்று முதுகைக் காட்டினால் அரங்கமே எழுந்து நிற்கும். கடையில் கவுன்டர் மனைவியின் ராஜ்ஜியம், இஸ்திரி மேஜை இவருடையது. துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்து, கறை கிழிசல் எல்லாம் கவனித்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு துணிக்கும் இவரிடம் வாய்வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். இருபது வருஷத்தில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

அன்றைக்கும் கோட்டை வாங்கிப் பார்த்து உள்ளே அனுப்பிவிட்டு அவள் பேங்குக்குப் போயிருந்தாள். இவர் பெட்டியை வைத்தார், எடுத்தார். கோட்டின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் பொசுங்கியிருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் வாழ்க்கையிலேயே அதிகமாக வேலை செய்த நேரம். அடிமடிப்புக்குள் மிச்சமிருந்த துணியை வெட்டினார். முதுகில் கருகியதைக் கத்தரித்து எடுத்து ஒட்டுப் போட்டார். வெட்டிய இடம் தெரியாமல் உள்ளே தன்னுடைய பழைய பேன்ட்டின் துண்டை வைத்துத் தைத்தார். மனைவி திரும்பி வருவதற்குள் ஓட்டமாக ஓடி, டிரைவர் கையில் கோட்டைத் திணித்துவிட்டார். கருகிய துண்டுகள் மூன்று இருந்தன. இரண்டைக் குப்பையில் போட்டது ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது எங்கே போனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது தெரிந்துவிட்டது. மூன்றாவது அவனிடம் இருக்கிறது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சோடு இடது தோளும் சேர்ந்து குறுகுறுத்தது. எந்த இடத்தில் அடி விழும் என்று பாட்டிலேயே சொல்லிவிட்டானே.

மத்தியானம் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, லிஃப்ட் ரிப்பேர் செய்பவன், இடியின் பரம ரசிகன். அக்கா பின்கட்டில் வாஷிங் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடி என்றாலே ஆகாது. காதில் விழுந்தால் கத்தலை நிறுத்து என்பாள். ஆகவே மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டான். ரசிகர் குழுவில் நாலு லட்சம் பேர் விடிந்ததிலிருந்து பாட்டைப் பிரித்து மேய்கிறார்களாம். ஒருவன் மரணம் என்கிறானாம், ஒருத்தி போர் என்கிறாளாம். கணக்கு வாத்தியார் ஒருவர் எழுத்துகளை எண்ணிக் கூட்டி, வரப்போகும் பூகம்பத்தின் தேதியையே சொல்லிவிட்டாராம்.

"ஆனா நான் கண்டுபிடிச்சது வேற மாமா. இது துரோகப் பாட்டு. அண்ணன் முதுகில எவனோ சூடு வச்சிருக்கான்."

லாண்டரிக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு சும்மா கேட்பதுபோல, ஒரு பேச்சுக்கு அந்த ஆள் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"முதல்ல கிடைக்கட்டும் மாமா," என்று மச்சான் சிரித்தான். மனைவியின் தம்பியாக இருந்தும் அந்தச் சிரிப்பு இவருக்குப் பிடிக்கவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். பயந்தவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேச்சைத் திசைதிருப்பப் பார்த்தார்.

"துரோகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ஆளுக்கு முதுகுவலியா இருக்கும்பா. முதுகு, தோள்னுதானே பாடுறார்? வயசாகுதில்ல."

மச்சான் அதை விளையாட்டாகக் குழுவில் எழுதினான். சாயங்காலத்துக்குள் குழு கொதித்தது. இடி போன மாசம் இரண்டு கச்சேரிகளை ரத்து செய்தது உண்மையிலேயே முதுகுவலியால்தானாம். டாக்டரையும் தன்னையும் தவிர ஒருவருக்கும் தெரியாத சங்கதி என்று டிரைவரே ஒப்புக்கொண்டாராம். இதைச் சொன்ன மாமா யார், அண்ணனுக்கு அவ்வளவு நெருக்கமா, அவருக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியும் என்று ஆயிரக்கணக்கில் கேள்விகள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று உணர்ந்த லாண்டரிக்காரர் மச்சானிடம் கெஞ்சினார். தனக்கும் இடிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஒரு வரி எழுதிப் போடச் சொன்னார். மச்சான் நல்ல பையன், சொன்னதைச் செய்தான். எழுதிய வரி இது: 'என் மாமா வெறும் லாண்டரிக்காரர், அண்ணனின் கோட்டை ஒரே ஒரு தடவை தேய்த்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.'

மறுநாள் காலையில் கடை வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். பதினொரு பேரும் கறுப்பு உடை. யாரும் சத்தம் போடவில்லை, தள்ளவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் தேய்ப்பதையே பார்த்தார்கள். கூட்டம் கல்லெறிந்திருந்தால்கூட அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. அவர் பெட்டியைத் தூக்கினால் ஒரு பெண் படம் எடுத்தாள், வைத்தால் ஒருவர் நோட்டில் எழுதினார். காலர் ஒன்றைத் தேய்க்க அரைமணி நேரம் ஆயிற்று.

பத்து மணிக்கு அந்தப் பெண் உள்ளே வந்து, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"உள்ளே இருப்பது வேறுன்னு வருதே, உள்ள என்ன சார் இருக்கு?"

என் பழைய பேன்ட் என்று சொல்ல முடியுமா? தெரியாது என்று தலையாட்டினார். அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் மச்சான் போன் செய்தான். தெரியாது என்று சொன்னபோது மாமா இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்ததை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். எதற்காகப் பிடித்தீர்கள் என்று அவனே கேட்டான்.

அவர் தோளைப் பார்த்தார். கை இன்னமும் அங்கேதான் இருந்தது.

கடையை மூடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஒரு அட்டையில் எழுதி ஷட்டரில் தொங்கவிட்டார்: 'உடல்நலம் சரியில்லை. மூன்றாம் நாள் திறக்கப்படும்.' எழுதும்போது அவர் மனதில் ஒரு சூதும் இல்லை. காய்ச்சல் என்றால் மூன்று நாள்தானே எல்லாரும் போடுவார்கள்?

குழு அந்த அட்டையைப் படித்தது. 'மூன்றாம்' என்ற சொல்லைப் பெரிதாக்கிச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டது. மூன்றாவது இவரிடம்தான் இருக்கிறது, மூன்றாம் நாள் அதைத் திறந்து காட்டப்போகிறார் என்று முடிவு கட்டியது. வெளியூர்களிலிருந்து ரயிலில் கிளம்பிவிட்டார்கள் என்று மச்சான் செய்தி அனுப்பினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியாயிற்று.

கடைக்கு மேலேதான் வீடு. இரண்டு நாள் அவர் ஜன்னல் பக்கமே போகவில்லை. போர்வைக்குள் கிடந்து கீழே கூடும் குரல்களைக் கேட்டார். ஐந்து வரிகளையும் அவர்கள் மெதுவாகச் சேர்ந்து பாடினார்கள். கடைசி வரி வரும்போதெல்லாம் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார். அவசரப்பட்டால் போச்சு, திரும்ப வராது. எது திரும்ப வராது? கடையா, கையா, உயிரா? இத்தனை வருஷம் ஊராரின் சுருக்கத்தை எடுத்ததுதான் மிச்சம், தன் நெற்றியில் ஒன்றும் குறையவில்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

மனைவி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பனிக்கட்டியாக இருந்தது.

"காய்ச்சல்னீங்க?"

"என்னை யாராவது கூட்டிட்டுப் போனா, தேடிக்கிட்டு வராதே," என்றார் அவர்.

"போறதுன்னா, பல் டாக்டர் சட்டைக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு அவள் பஞ்சைச் சரிசெய்துகொண்டாள்.

மூன்றாம் நாள் விடிந்தது. போர்வையை மூடிக்கொண்டே ஜன்னலுக்குப் போய், அதன் ஓட்டை வழியாகப் பார்த்தார். தெரு கறுப்பாக இருந்தது. ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு பின்வாசலைத் திறந்தார். அங்கே நோட்டுக்காரர் நின்று வணக்கம் சொன்னார். கதவைச் சாத்தினார். போன் அடித்தது.

"மாமா, நம்பவே மாட்டீங்க," என்றான் மச்சான். "அண்ணனே வந்திட்டிருக்கார். உங்களைப் பார்க்கத்தான்."

அதற்குமேல் பயப்பட அவரிடம் பயமில்லை. கடைக்குள் போய், தூக்குக் கைதி தானே கயிற்றைச் சரிபார்ப்பதுபோல, கவுன்டரைத் துடைத்து வைத்தார். வெளியே ஆரவாரம் எழுந்து சட்டென்று அடங்கியது. ஷட்டர் பாதி உயர்ந்தது. கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இடி குனிந்து உள்ளே வந்தான், வந்ததும் ஷட்டரை உள்பக்கமாக இறக்கிவிட்டான். பிறகு கோட்டுக்குள் கையை விட்டான்.

கத்தியோ துப்பாக்கியோ என்று பார்க்க லாண்டரிக்காரர் காத்திருக்கவில்லை. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். பொசுக்கியது, வெட்டியது, ஒட்டியது, பழைய பேன்ட், குப்பையில் போட்ட இரண்டு, காணாமல் போன மூன்றாவது.

"எங்களைப் பொழைக்க விடுங்க. கடை போனா எங்களுக்கு வேற வழியில்ல," என்று முடித்தபோது அவர் கன்னங்கள் நனைந்திருந்தன.

இடி கண்ணாடியைக் கழற்றினான். கோட்டைக் கழற்றி முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒட்டு எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் கண்களில் கோபமும் இல்லை. இரண்டு நாளாகத் தூங்காதவன் முகம் அது. லாண்டரிக்காரருக்கு நன்றாகத் தெரிந்த முகம், இன்று காலையில்தான் கண்ணாடியில் பார்த்திருந்தார்.

"கோட்டு கிடக்கட்டும் சார்," என்றான். மேடையில் இடிப்பவனின் குரல் இங்கே எழும்பவில்லை. "நாளைக்கு டிவியில உட்கார வச்சு இந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேக்கப் போறாங்க. உங்களுக்குத் தெரியும்னு நாலு லட்சம் பேர் சொல்றாங்க. சத்தியமா எனக்குத் தெரியாது. நான் எழுதலை. ரெண்டு வருஷமா ஒரு வரி வராம செத்துக்கிட்டிருந்தேன், அப்ப கையில கிடைச்சுது இது. வெளிய நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சிடுவாங்க."

கோட்டுக்குள்ளிருந்து அவன் எடுத்தது நாலாக மடித்த ஒரு சீட்டு. விரித்துக் கவுன்டரில் வைத்தான். இருவரும் குனிந்து அதையே பார்த்தார்கள். ஐந்து வரிகள், பென்சிலில்.

பஞ்சையும் மீறி ஷட்டர் சத்தம் கேட்டு இறங்கி வந்த மனைவி காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். வந்திருப்பது யார் என்றுகூட அவள் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தாள், கையில் எடுத்தாள், படித்தாள், புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேய்க்கிறதுக்கு முன்னாடி நீங்க படிக்கணும்னு நான் எழுதி கோட்டுப் பாக்கெட்டில வச்ச சீட்டுங்க இது; அந்த மூணாவது பொத்தான் இன்னும் என் டப்பாவிலதான் கிடக்கு."